மூத்த மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்த கூரை

ஏணிக்காரருக்கு வயிறு எரிந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, அடிவயிற்றில் தொடங்கித் தொண்டை வரைக்கும் எரிந்தது. எல்லாம் ஒரு கம்பி வலையால் வந்த வினை.

பதினெட்டு வருஷமாக அவர் பிழைப்பு ஏணியோடுதான். ஓட்டு விளிம்பில் மழைத்தண்ணீர் ஓட வைத்திருக்கும் தகர வாய்க்காலில் சருகு, குச்சி, காக்கை போட்ட எலும்பு, எப்போதோ தொலைந்த பந்து என்று எது கிடந்தாலும் வாரிப் போட்டுவிடுவார். மாமியார் வீட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடாமலே போவார். வாரி முடித்ததும் தூரத்து முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, விறுவிறுவென்று இறங்கி வந்து குழாயின் அடியில் காதை வைப்பார். மாமியார் தையல் மிஷினை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"சத்தம் சரியா இருக்கா மாப்பிள்ளை?"

"ஜோரா இருக்கு அத்தை!"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் ஏறுகிறார் என்று சொன்னால் அடிக்க வருவார். ஆனால் அதுதான் நிஜம்.

இந்த வருஷம் சகலை முந்திக்கொண்டான். மனைவியின் தங்கை புருஷன். ஆளைவிட வாய் பெரிது. வாய்க்கால்மேல் வலை பொருத்தித் தரும் தொழிலைப் புதிதாகப் பிடித்திருந்தான். ஆட்களை விட்டு மாமியார் வீட்டுக்கும் வலை போட்டுவிட்டு, "இனிமே ஆயுசுக்கும் கவலையில்ல அத்தை" என்று அளந்துவிட்டும் போனான். மாமியார் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

"உங்களுக்கும் வயசாகுது மாப்பிள்ளை. இனி ஏறி இறங்கிக் கஷ்டப்பட வேண்டாம் பாருங்க."

வயசாகிறதாம்! நாற்பத்தாறு எல்லாம் ஒரு வயசா? வீட்டுக்கு வந்து மனைவிமேல் எரிந்து விழுந்தார்.

"உன் தங்கச்சி புருஷன் என்ன, கூரைல மீன் பிடிக்கப் போறானா?"

"வயித்தெரிச்சல்னா வயித்தெரிச்சல்னு சொல்லுங்க. எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?"

மூன்று வாரம் கழித்து மனைவி கொடுத்தனுப்பிய துணிப்பையோடு மாமியார் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. வலைமேல் சருகு பாய் விரித்த மாதிரி படிந்திருந்தது. வலையும் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மழை வந்தால் தண்ணீர் வாய்க்காலுக்குள் போகாது, சுவர் வழியாகத் தையல் அறைக்குள் இறங்கும். ஊரார் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமியார் டீயோடு வந்து, "சின்ன மாப்பிள்ளை நேத்துக்கூடப் போன் பண்ணி விசாரிச்சார்" என்றார். அவ்வளவுதான், வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார். பெய்யட்டும். நன்றாகப் பெய்யட்டும். அப்போது தெரியும் என் அருமை.

நாலாம் நாள் காலையில் பிடித்துக் கொட்டியது. ஏணிக்காரர் ஏணியை வண்டியில் கட்டி, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, செல்போனை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். 'உங்களை விட்டா எனக்கு யாரு மாப்பிள்ளை' என்று மாமியார் அழுவதையும், தான் பெருந்தன்மையாகக் கிளம்புவதையும் மூன்று விதமாக நினைத்துப் பார்த்தார். மூன்றுமே நன்றாக இருந்தன. ஆனால் போன் வந்தது மனைவிக்கு.

"அம்மா வீட்டுல ஒழுகுதாம். தங்கச்சி புருஷனை வரச் சொல்லியிருக்காங்க."

"அவனையா?"

"போட்டவனைத்தானே கூப்பிடுவாங்க?"

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

அங்கே சகலை மேஜைமேல் முக்காலி போட்டு, அதன்மேல் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தான். "அண்ணே, நல்ல வேளை வந்தீங்க! எனக்கு உயரம்னாலே தலை சுத்தும்ணே!"

ஏணிக்காரர் ஏணியைச் சாய்த்து ஏறினார். வலையைப் பிடுங்கி எறிந்தார், சருகை வாரினார். தண்ணீர் கடகடவென்று குழாயில் இறங்கியது. உள்ளே போய் நின்றார். மாமியார் தரையில் உட்கார்ந்து துணி பிழிந்துகொண்டிருந்தார். சிவப்புத் துணியின் சாயம் வெள்ளைத் துணியிலெல்லாம் ஏறியிருந்தது.

"சத்தம் கேக்குதா அத்தை? சரியாயிடுச்சு."

மாமியார் தலை தூக்கவில்லை. "சின்னவர் என்ன சொன்னாலும் எனக்குப் பயம்தான் மாப்பிள்ளை. துணிமேல பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடியேதான் வச்சிருந்தேன். அன்னிக்கு நீங்க வாசல்ல நின்னு மேல பாத்தீங்க. ஜன்னல்லேருந்து நான் உங்க முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் சொல்லாம டீ குடிச்சிட்டுப் போனீங்க. சரி, பெரியவரே பாத்துட்டார், இனிமே பயமில்லைன்னு அன்னிக்கே தாளை எடுத்துட்டேன்."

ஏணிக்காரர் கையுறையைக் கழற்றினார். திரும்பவும் மாட்டினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தை. பொறாமைல சொல்லாம விட்டுட்டேன்."

மாமியார் அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.