கையெழுத்துப் போடும்வரை பறக்காது

ஆகாயத்தில் பறக்கிற வண்டிக்குத் தரையில் நின்று கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். வேலை சென்னை விமான நிலையத்தில், பராமரிப்பு இன்ஜினியர். ஒரு விமானம் இறங்கி அடுத்த பயணிகளோடு கிளம்புவதற்குள் சுற்றிப் பார்த்து, கோளாறு இருந்தால் சரிசெய்து, "போகலாம்" என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பகலில் தூங்கினால் "உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து வீட்டார் விசாரிக்கும் ஷிப்ட்காரர்களே, இன்று என்ன கிழமை என்று அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களே, நாமெல்லாம் ஒரே ஜாதி. கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

முகூர்த்தப் புடவை

மதுரை விமானம். பயணிகளை ஏற்றிய பஸ் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. நான் சக்கரத்தைப் பார்த்தால் டயரில் ஒரு வெட்டு, உள்ளே இருக்கும் நூல் தெரிகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். ஜாக்கியை உருட்டிக்கொண்டு வரும்போது பஸ்ஸிலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, நீ நம்ம தறிக்கார முருகன் தங்கச்சி தானே?" என் அண்ணனிடம் சேலை எடுக்கும் ஜவுளிக்கடைக்காரர். மடியில் பெரிய அட்டைப்பெட்டி.

"காலையில முகூர்த்தம்மா. பொண்ணு வீட்டுல புடவைக்காகக் காத்துக்கினு இருக்காங்க. மதுரையில இறங்கினப்புறம் மாத்திக்கக் கூடாதா?"

"அண்ணா, புடவையில ஒரு இழை அறுந்திருந்தா நீங்க எடுப்பீங்களா?" என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் அசரவில்லை.

"எடுப்பேன்மா, ஆனா விலைய குறைச்சுக் கேப்பேன். நீ டிக்கெட்டுல குறைப்பியா?"

ஆயில் மூடி

பாபு எனக்கு சீனியர், நல்ல வேலைக்காரர். அன்று அவர் நைட் ஷிப்ட் முடித்துக் கிளம்புகிறார், நான் காலை ஷிப்டுக்கு வருகிறேன். "ரைட் இன்ஜின்ல ஆயில் ஊத்தி மூடி போட்டாச்சு. அதுக்கு மேல இருக்கிற சின்ன வெளிக்கதவை மட்டும் சாத்திடும்மா" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினார். சாத்தப் போனவள் ஒருமுறை குனிந்து பார்த்தேன். மூடி அதனிடத்தில் உட்கார்ந்திருந்தது. பூட்டுகிற கொக்கி மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே பறந்திருந்தால் ஆயில் முழுக்க வெளியே போயிருக்கும், நடுவானில் ஒரு இன்ஜினை அணைக்க வேண்டி வந்திருக்கும்.

போன் செய்தேன். வேனை நிறுத்தி இறங்கி ஓடி வந்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மூடி போட்டுக்கினு இருக்கும்போது பக்கத்து விமானத்துக்குக் கூப்பிட்டாங்க. பூட்டிட்டேன்னுதான் நினைச்சேன்மா" என்றார். கொக்கியை அழுத்த ஒரு விரல் போதும். அழுத்தியிருந்தால் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேனேஜருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

விசாரணை நடந்தது. கொஞ்ச நாள் அவரை விமானத்தைத் தொட விடவில்லை, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆனால் இரண்டு நல்லது நடந்தது. பாதி வேலையில் இருப்பவரை வேறு விமானத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று ஆனது. ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரும் விமானத்தடியில் சேர்ந்து நின்று பார்த்துவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும் என்றும் ஆனது. திரும்பி வந்த முதல் நாள் பாபு என்னிடம் சொன்னது இது:

"உனக்கு நன்றி சொல்றதா, உன்ன திட்றதான்னு இன்னும் முடிவு பண்ணலம்மா. அதுவரைக்கும் டீ என் செலவு."

காணாமல் போன டார்ச்

எங்கள் கருவிப்பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் உண்டு. அன்று டார்ச்சின் பள்ளம் காலி. பயணிகள் ஏறிவிட்டார்கள், கதவு சாத்த வேண்டியதுதான் பாக்கி. நிலைய அதிகாரி பறந்து வந்தார். "வேற டார்ச் நான் வாங்கித் தர்றேன், கையெழுத்து போடும்மா!"

"புது டார்ச் வேணாம் சார். பழசு எங்க இருக்குதுன்னு தெரியணும்."

அவர் குரல் ஏறியது. நான் பேனாவைப் பையில் வைத்துவிட்டுத் தேடப் போனேன். கேப்டனும் இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் சக்கரம் மடங்கி உள்ளே போகும் அறையில், ஒயர்களுக்குப் பக்கத்து விளிம்பில் அது சுகமாகப் படுத்திருந்தது. சக்கரம் மடங்கும்போது இடையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேப்டன் டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டார்ச் தேடினோம்னு சொன்னா பயணிங்க சிரிப்பாங்க, எங்க கிடைச்சதுன்னு சொன்னா அழுவாங்க. ரன்வேல டிராபிக்னு சொல்லிடறேன்."

தேர் வந்து நின்றது

வைகாசியில் வரதர் தேருக்கு எனக்கு லீவு கிடைத்தது பெரிய அதிசயம். கூட்டத்தில் நசுங்கி நின்றேன். தேர் திரும்பும் முனையில் நின்றதும், என் கண் சாமியைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தது. முட்டுக்கட்டை முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. எங்கள் விமானத்தில் முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் யாரும் கிட்டே போகக் கூடாது. வாய் சும்மா இருக்குமா?

"அண்ணா, பின்னால ஒண்ணு வைங்க, சீக்கிரம்!"

கட்டை போடுகிறவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கமும் ஒன்றை வைத்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெச்சிட்டேன்மா, ஆனா எதுக்கு இந்தப் பதட்டம்? இங்க பயணி ஒருத்தர்தான், எவ்ளோ லேட்டானாலும் கோவிச்சுக்க மாட்டாரு."

விமானம் பத்திரமாக இறங்கினால் பைலட்டுக்குக் கைதட்டுகிறார்கள், தாமதமாகக் கிளம்பினால் எங்களைத் திட்டுகிறார்கள். நல்லவேளை, இன்ஜின் சத்தத்துக்காகக் காதை அடைத்துக்கொண்டிருப்பதால் எங்களுக்கு இரண்டுமே கேட்பதில்லை.