நலங்கு முகத்தில் ப்ளீச்

எண்பதுகளில் ஒரு நாள், மாலை நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண்ணின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. பியூட்டி பார்லரில் தொழில் பழகிக்கொண்டிருந்த என் மகள், முதன்முறையாகத் தனியாக ப்ளீச் போட்டிருந்தாள். மறுநாள் பெரிய கோயிலில் முகூர்த்தம்.

"எரியுதாக்கா?" என்றாள் மகள்.

"இல்லடி. கண்ணாடியக் குடு."

நான் கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மகளின் தொழில் அன்றோடு முடிந்ததென்று நினைத்தேன்.

சொல்லியனுப்பியதும், பார்லர் நடத்தும் அம்மா தேரடித் தெருவிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பெண்ணின் கழுத்தில் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டார்.

"காலையில நலங்கு வெச்சீங்களா? ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்தா செவக்குதில்ல, மஞ்சள் மேல ப்ளீச் பட்டாலும் அதேதாங்க. மோர் ஊத்திக் கழுவினா போயிடும். ப்ளீச் போடாமலே உங்க முகந்தான் ஜாஸ்தி வெளுத்திருக்கு, மொதல்ல உக்காருங்க."