தீனித் தொட்டியில் ஓர் இலை

நான் சிறுமியாக வாழ்ந்த வீடு குதிரைக்காகக் கட்டப்பட்டது. மலாய் நாட்டில், காஜா பெராங்கில் ஒரு பாபா தவுக்கேயின், அதாவது அங்கேயே பிறந்து வளர்ந்த சீன முதலாளியின், பங்களாவுக்குப் பின்னால் இருந்த லாயம் அது. இப்போது அங்கே காப்பிக்கடை நடக்கிறது. தீனித் தொட்டியில் பூச்செடி வளர்க்கிறார்கள். எங்கள் காலத்தில் குதிரைகள் போய்க் கார் வந்திருந்தது. கார் வண்டிக் கொட்டகைக்குள் புகுந்தது. அதை ஓட்டிய அப்பாவும் அம்மாவும் நானும் பக்கத்து லாயத்துக்குள் புகுந்தோம்.

குதிரைக்கு வசதியான வீடு மனுஷருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஜன்னல் குதிரையின் தலை உயரத்தில் இருந்ததால் எனக்கு வானம் மட்டும்தான் தெரியும். தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சாய்வாகப் போட்டிருந்தார்கள். புளியங்கொட்டையைக் கீழே வைத்தால் சாக்கடையைப் பார்த்து உருண்டுவிடும். சுவரோரம் மரப்பலகையில் தீனித் தொட்டி. அதற்கு நேர் மேலே, பரணிலிருந்து வைக்கோலைத் தள்ளுவதற்கு ஒரு சின்ன ஓட்டை.

ஜப்பான்காரன் வந்து காரைக் கொண்டுபோனான். கொட்டகையில் தன் லாரிகளை நிறுத்தினான். ஆண்களைப் பிடித்து சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறார்கள் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் அப்பாவைக் காணவில்லை.

"யாரு கேட்டாலும் சயாமுக்குப் போயிட்டாருன்னு சொல்லு" என்றாள் அம்மா.

பிறகு அவள் மரவள்ளித் தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தாள். லாயத்துக் கதவு நடுவில் இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப்பாதியை வெளியே தாழிட்டு, "அந்தப் பக்கம் ஆளுங்க இருக்கானுங்க, சத்தம் போடாத" என்று சொல்லிவிட்டுப் போவாள். காற்று வருவதற்காக இடைச்சுவரைக் கூரை வரை எழுப்பாமல் விட்டிருந்தார்கள். அந்த வழியாக ஜப்பானியர்களின் பேச்சு வரும், சிரிப்பு வரும், பெட்ரோல் வாசனையும் வரும். என்னோடு பேசத்தான் ஆளில்லை. அப்பா வேண்டும் என்று நாள் முழுக்க ஏங்கிக் கிடப்பேன்.

சாயங்காலம் அம்மா வந்து கிழங்கு அவிப்பாள். ஒரு பங்கை வாழையிலையில் வைத்துத் தொட்டியில் வைப்பாள். என்னை வெளியே போகச் சொல்லிக் கதவை இரண்டு பாதியும் சாத்துவாள். மறுபடி கூப்பிடும்போது இலை இருக்காது.

எனக்கு அது புரிந்துவிட்டது. தாத்தா திதிக்கு இப்படித்தான் படையல் போட்டு, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே காத்திருந்தோம். செத்தவர்கள் வந்து சாப்பிட வேண்டுமே. அப்படியானால் அப்பா செத்துவிட்டார். அம்மா என்னிடம் மறைக்கிறாள். அதற்குப் பிறகும் அவள் பொட்டு வைத்துக்கொண்டது எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தனியாகவே அழுது தீர்த்தேன்.

ஒரு மத்தியானம் தொட்டிக்குள் ஏறி நின்று, மேலே இருந்த இருட்டைப் பார்த்து மெல்லச் சொன்னேன்.

"அப்பா, நீங்க உசுரோட இருந்தா ஒரே ஒரு தடவ தட்டுங்கப்பா."

காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவன் இருமினான். வேறு சத்தமே இல்லை. எனக்கிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. தொட்டிக்குள்ளேயே படுத்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஜப்பான்காரன் தோற்று, லாரிகளும் போன பிறகு, அம்மா பின்சுவரில் ஏணி வைத்து, பரண் கதவில் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தார். தாடி நெஞ்சைத் தொட்டது. தோல் வெளுத்திருந்தது. படையல் சாப்பிட்டவரே நேரில் வந்துவிட்டார் என்று பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன்.

"உங்க அப்பாதான்டி, கிட்ட போ" என்றாள் அம்மா. நான் நகரவில்லை.

அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை, தூக்க வரவும் இல்லை. முதுகு நிமிராமல் லாயத்துக்குள் நடந்து, தீனித் தொட்டியின் முன்னால் நின்றார். விரல் முட்டியால் பலகையை ஒரே ஒரு தடவை தட்டினார். பிறகு திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகை உளுத்துப்போயிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.