அக்கா லீவில் இருந்த ஞாயிறு

அக்கா அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். நான் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். ஒரே வீட்டில் பிறந்தும் அவளுக்கு ஊர் வம்பை விலைக்கு வாங்கும் குணம். எனக்கு வாய் மட்டும் நீளம்.

பாலத்தடியில் குடியிருப்பவர்கள் முன்பெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். வந்தால் வாசலிலேயே காவலாளி விரட்டுவார். தப்பி உள்ளே போனால், "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்டே திருப்பி அனுப்புவார்கள். அக்கா வேலை முடிந்ததும் ஒரு பையில் பஞ்சையும் மருந்தையும் திணித்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போவாள்.

"வேற யார்கிட்டயும் போய் நிக்காதீங்க. நேரா என்கிட்ட வாங்க, நானே பாக்கறேன்" என்பாள். அவர்கள் வந்தால் தன்னிடமே அனுப்பும்படி பிரிவில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அதன் பிறகுதான் அவர்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பெருமை. அவளிடம் சொன்னால் தலைக்கனம் ஏறும் என்று சொன்னதில்லை.

அவர்களில் ஒருவர் சாக்குக்காரர். பழைய அட்டை பொறுக்கிச் சாக்கில் கட்டி, தள்ளுவண்டியில் கொண்டுபோய் விற்பவர். சர்க்கரை வியாதி, பாதத்தில் ஆறாத புண். கால் போனால் அவரால் வண்டி தள்ள முடியாது. வண்டி நின்றால் சோறு இல்லை. அக்கா அந்தப் பாதத்தைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு அக்காவுக்கு லீவு. அவளை அண்ணன் வீட்டுக்கு இழுத்துப் போனேன். திங்கள் காலையில் வந்தால், சாக்குக்காரர் பெஞ்சில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். பாதம் கறுத்திருந்தது.

"யார் இவரைப் பாக்காம விட்டது?" அக்கா கத்தினாள்.

டியூட்டியில் இருந்த ஒல்லி டாக்டர் அழுதுவிடுவார் போலிருந்தது. "நேத்துலேர்ந்து கெஞ்சிப் பாத்துட்டேன் மேடம். காட்டவே மாட்டேன்னுட்டார். உங்களுக்கும் போன் அடிச்சோம், எடுக்கல."

"பொய் சொல்லாதீங்க."

"அவரைத் திட்டாதீங்கம்மா," என்றார் சாக்குக்காரர். "நான்தான் வேணாம்னேன். வேற யார்கிட்டயும் போகாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டேன்னு நீங்க எங்களைக் கைவிட்டுட்டா?"

அன்று மதியமே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அக்கா என் ஜன்னலில் வந்து நின்றாள். "நல்லதுதானேடி சொன்னேன்? எதுல தப்பு? சொன்னதா, லீவு போட்டதா?"

வாய் நீளமான நான் மாத்திரை அட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். அக்கா அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டார். சொன்னதால் வந்து, உட்கார்ந்தே காலை இழந்தார். எப்படிப் புரட்டினாலும் எனக்கு விளங்கவில்லை. அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கட்டுப் பிரிக்கும் நாளில் அக்கா வேண்டுமென்றே ஒல்லி டாக்டரைச் சாக்குக்காரரிடம் அனுப்பிவிட்டு, வார்டின் மறுகோடியில் என்னோடு நின்றாள். டாக்டர் நெருங்கியதும் சாக்குக்காரர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். கட்டில்களைத் தாண்டி அவர் கண்கள் அக்காவைத் தேடிப் பிடித்தன.

"டாக்டரம்மா, இவர்கிட்ட காட்டட்டுமா? கோச்சுக்க மாட்டீங்களே?"