மடங்காத சக்கரம்

பித்தளைக் கம்பியை ஒரு பெண்ணின் கை இடுக்கியால் பிடித்திருந்தது. ஓர் ஆணின் வலது கை அதை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரே திசையில் எட்டு இழுப்பு, பிறகு வெர்னியரில் அளவு, மறுபடி எட்டு. அவருடைய இடது கை கட்டுத் துணியோடு மடியில் கிடந்தது. அதில் இரண்டு விரல்கள் நொறுங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

"ஆட்டாத."

"நான் ஆட்டல. உன் அரம்தான் ஆடுது."

அரம் பிடித்தவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகத் தகடு அடிக்கிறவர். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை வைத்து எல்லோரும் அவரை ரிவிட்டு என்பார்கள். இடுக்கி பிடித்தவள் அவருடைய தங்கை. பட்டறையில் மிஞ்சும் தகட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து வீட்டில் குட்டி விமானங்கள் செய்வது ரிவிட்டின் பொழுதுபோக்கு. உண்மை விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. யாரும் கற்றுத்தரவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த வரைபடங்களையும் வீணாய்ப்போன தகடுகளையும் வைத்தே பழகினார். "நீ மாட்டின பஸ் கதவே சாத்த மாட்டேங்குது, இதுல ப்ளேன் வேறயா?" என்று பட்டறையில் கிண்டலடிப்பார்கள். அவருடைய அலமாரியில் இருபத்தாறு விமானங்கள் நின்றன. அத்தனையும் போர் விமானங்கள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில், தங்கையின் கணவர் சந்தை வாசலில் உட்கார்ந்து சாவி செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு விமானம் தாழ வந்து சந்தையைச் சுட்டது. காய்கறிக் கூடைகளோடு ஆட்களும் கிழிந்து விழுந்தார்கள். விழுந்தவர்களைத் தூக்க மற்றவர்கள் ஓடி வந்தபோது அது திரும்பி வந்து அவர்களையும் சுட்டது. சாவிக்காரருக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்துத்தான் தங்கை அடையாளம் சொன்னாள். மொத்தம் நாற்பத்தொரு பேர். "அன்று எங்கள் போர் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை, கடையில் சிலிண்டர் வெடித்தது" என்றது விமானப்படை.

விசாரணை நடந்தது. படங்களைக் காட்டி எந்த விமானம் என்று கேட்டபோது சாட்சிகள் ஆளுக்கொன்றைத் தொட்டார்கள். படங்களெல்லாம் பக்கவாட்டில் எடுத்தவை. சந்தையில் இருந்தவர்கள் பார்த்ததோ அடிவயிற்றை. விசாரணை அதிகாரி ஒரு வழி சொன்னார்: தலைக்கு மேலே தூக்கிக் காட்டும்படி ஒரு மாதிரி கொண்டுவாருங்கள். நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கடைசி அமர்வு. அதற்குள் சாட்சிகளால் விமானத்தைச் சொல்ல முடியாவிட்டால் சிலிண்டர் என்றே எழுதி மூடிவிடுவார்.

ரிவிட்டு ஒவ்வொரு சாட்சியிடமும் போய்க் கேட்டு எழுதிக்கொண்டார். தங்கையிடமும் கேட்டார்.

"சக்கரத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டே வந்துச்சுண்ணே."

"சுட வர்றவன் சக்கரத்தை உள்ள மடக்கிருவான்மா. இறங்கும்போதுதான் வெளிய விடுவான்."

"நான் பாத்தேங்கறேன்."

"பயத்துல அப்படித் தெரிஞ்சிருக்கும்."

டீக்கடைக்காரரும் சக்கரம் என்றார். ரிவிட்டு அவரையும் திருத்தினார். விமானம் தெரிந்தவர் அல்லவா! தனக்குத் தெரிந்த ஒரு போர் விமானத்தைச் சக்கரம் இல்லாமல் மூன்று மாதம் உழைத்துச் செய்து தங்கையிடம் நீட்டினார். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். பிறகு சுவரில் ஓங்கி அடித்தாள். மூக்கு சப்பிப்போனது.

"என் புருஷனைக் கொன்னது இது இல்ல. நீ எங்கிட்ட கேக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா?"

மறுநாள் பட்டறையில் பஸ்ஸின் அடியில் படுத்துத் தகடு பொருத்தும்போது, கண்ணுக்கு நேரே தொங்கிய சக்கரத்தைப் பார்த்து ரிவிட்டின் கை நின்றுவிட்டது. மடங்காத சக்கரம் கொண்ட விமானமும் உண்டு. பயிற்சி விமானம். புதியவர்கள் ஓட்டிப் பழகுவது. இறக்கையின் கீழ் துப்பாக்கி கட்டினால் அதுவும் சுடும். போர் விமானம் பறக்கவில்லை என்றவர்கள் அந்த ஒரு வார்த்தையில் மட்டும் பொய் சொல்லியிருக்கவில்லை. பயிற்சி விமானத்தை ஆசைப்பட்டு யார் செய்வார்கள்? அவருடைய அலமாரியில் அப்படி ஒன்றுகூட இல்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட வந்திருந்தபோதே முன்பின் தெரியாத மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அலமாரியைச் சாய்த்து, அவருடைய சுத்தியலாலேயே இருபத்தாறையும் அடித்துத் தட்டையாக்கினார்கள். மூக்கு சப்பிய விமானத்தை ஒருவன் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"இதுக்கா நம்மள அனுப்புனாங்க?"

அந்தச் சிரிப்பில் ரிவிட்டுக்கு மிச்சச் சந்தேகமும் போனது: சந்தையைச் சுட்டது பயிற்சி விமானம்தான்.

"எந்தக் கையில அரம் பிடிப்ப?"

"இடது கை" என்றார், எப்போதும் வலது கையால் அரம் பிடிக்கிறவர்.

அந்தக் கையை, தகட்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் வைத்துத் திருகினார்கள். எலும்பு முறிந்த சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. அவர் போட்ட கூச்சலை வாயில் துணி அடைத்து நிறுத்தினார்கள். சப்பை மூக்கு விமானத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

கட்டுப் போட்ட கையோடு ரிவிட்டு தங்கை வீட்டுக்குப் போனார். "சக்கரம் எப்படித் தொங்குச்சு, சொல்லு" என்று மட்டும் கேட்டார். அவள் எழுந்துபோய் இடுக்கியை எடுத்து வந்தாள்.

மூன்று நாளில் உடலும் இறக்கையும் வால் பகுதியும் முடிந்தன. ரிவெட் வரிசை கிடையாது, பெயின்ட் கிடையாது. அடியிலிருந்து பார்த்தால் உருவம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பித்தளைக் கம்பிகளைச் சக்கரக் கால்களாகப் பொருத்துவதுதான் ஆபத்தான வேலை. கடைசியாகப் பற்றவைக்கும் சூட்டில் முதலில் பற்றவைத்த இறக்கை இளகிக் கழன்றுவிடும். இறக்கை மூட்டில் ஈரத் துணியைச் சுற்றி, அதைத் தங்கை விரலால் அழுத்திக்கொண்டாள். துணி ஆவி விட்டது.

"சுடுதா?"

"நீ பத்தவை."

அவளுடைய விரல் நுனி கொப்பளித்தது. அவள் கையை எடுக்கவில்லை. ஈயம் ஓடி இறுகியது. இறக்கை அசையவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணைக் கூடத்தில் விமானப்படை வக்கீல் ரிவிட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் எதிர்பார்த்தது அந்தச் சப்பை மூக்கு விமானம் போல இன்னொரு போர் விமானத்தை. ரிவிட்டு துணிப்பையை வலது கையால் அவிழ்த்து, தங்கையிடம் கொடுத்தார். அவள் சாட்சிகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் போய், அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, "திரும்பி வரும், எல்லாரும் படுங்க" என்று அலறினார். பக்கத்திலிருந்த காய்கறிக்காரி தரையில் விழுந்து எதையோ உடம்பால் மூடிக்கொண்டாள். தரையில் ஒன்றும் இல்லை. வக்கீல் எழுந்து என்னவோ ஆட்சேபித்தார். அந்த அலறலில் யாருக்கும் கேட்கவில்லை.

கூடம் அடங்க வெகுநேரம் ஆனது.

"இதை என்னன்னு பதிவு பண்றது?" என்றார் அதிகாரி.

"பயிற்சி விமானம் சார்" என்றார் ரிவிட்டு. "எங்க தங்கச்சி சொன்னபடி செஞ்சது. அப்படியே எழுதிக்குங்க."

அதிகாரி எழுதி முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இறக்கையைப் பிடிக்காதீங்க, வயித்துல பிடிங்க" என்று சொல்லி, கொப்பளித்த விரலோடு தங்கை அதை அவர் கையில் வைத்தாள்.