படுகளத்தில் ஒரு துடைப்பம்

செங்கல்பட்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் படித்த ஐம்பதுகளில், நாடகம் என்றால் கதை, மாந்தர், பேச்சு, மோதல், உச்சம், முடிவு என்று மனப்பாடம் செய்தோம். வகை இரண்டு: இன்பியல், துன்பியல். துன்பியலில் சிரிப்பு புகுந்தால் நாடகம் கெட்டது என்பார் எங்கள் ஆசிரியை. நானும் நம்பினேன்.

அப்போது ஒரு வருஷம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடலில் குளிக்கப் போன என் அண்ணனை அலை இழுத்துப் போய்விட்டது. உடல் கரை சேரவில்லை. "எம்புள்ள எங்கியோ கீறான், வந்துருவான். வூட்ல ஒர்த்தரும் அழக் கூடாது," என்று அம்மா சொல்லிவிட்டாள். காரியம் இல்லை, அழுகை இல்லை. தினமும் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள். சோறு காய்ந்து போகும். அவளும் சரியாகச் சாப்பிடாமல் துரும்பாக இளைத்தாள்.

"ஒரு தபா வாய்விட்டு அழுதாத்தான் இவ பொழைப்பா," என்றார் நைனா, என் அப்பா. எனக்கோ அவள் மேல் எரிச்சல். கடல் கொண்டு போனவனுக்கு எதற்குச் சோறு?

சித்திரையில் எங்கள் கிராமத்து அம்மன் கோயிலில் கூத்து. கடைசி நாள் காலை படுகளம். போரில் செத்த மன்னனைப் பெரிய மண் உருவமாகத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள். அவன் தாயாக வேஷம் கட்டிய ஆண் துடைப்பத்தோடு வந்து ஒப்பாரி வைப்பார். சொன்ன பேச்சு கேட்காமல் செத்தாயே என்று மகனைத் துடைப்பத்தாலேயே சாத்துவார். ஊரே சிரிக்கும். அந்தந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுப் பெண்கள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுவார்கள். நைனா வற்புறுத்தி அழைத்து வந்தும், அம்மா அவர்களோடு உட்கார மறுத்து என் அருகில் நின்றாள்.

துடைப்பம் மண் மார்பில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. இது என்ன துன்பியல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அம்மா விறுவிறுவென்று களத்துக்குள் போய்த் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காத அண்ணாத்த. புள்ள செத்துக் கெடக்குது. இன்னாத்துக்கு அடிக்கிற?"

சிரிப்பு நின்றது. வேஷக்காரர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவளோடு தரையில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார். அம்மா மண்ணில் முகம் வைத்து, அண்ணன் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

"பொழச்சிகினா," என்று நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நிம்மதி வரவில்லை. செத்து என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததும்தான் தெரிந்தது: அவள் தட்டு வைத்துக்கொண்டிருந்த வரையில், அண்ணன் வந்துவிடுவான் என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அன்று மதியம் அவள் அந்தத் தட்டை வைக்கவில்லை. நான் சோறு போட்டு வைத்தேன்.