பூசணிக்காய்க்கு வைத்த பொட்டு

ரொறன்ரோவில் ஒரு மனிதர் எந்தக் கிழமையும் சாகலாம். ஆனால் சனமெல்லாம் லீவில் நிற்கிற சனி, ஞாயிறில்தான் அவரை அனுப்பிவைக்க முடியும். கதிரித்தம்பியர் செவ்வாய்க்கிழமை செத்தார். சனி பின்னேரம் உடல் பார்வைக்கு, ஞாயிறு காலை தகனம் என்று மகன் வினோதன் மண்டபம் பிடித்துவிட்டான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரேயொரு சிக்கல், சனி காலை கதிரித்தம்பியருக்கு வேறோர் இடத்தில் அலுவல் இருந்தது.

அது என்ன அலுவல் என்று விளங்க வேண்டுமானால் மனிதரைத் தெரிய வேண்டும். கதிரித்தம்பியர் தோட்டக்காரர். மகன் ஸ்பொன்சர் செய்து ஸ்காபரோவுக்கு வந்த மறுநாள், பதினோராம் மாடிப் பல்கனியில் நின்று கீழே பார்த்தார்.

"உவ்வளவு நிலத்தையும் புல்லுக்கு விட்டிருக்கிறாங்கள். விசரன்கள்!"

பிறகு பாண் பேக்கரி ஒன்றில் வருடக்கணக்காக வேலை செய்தார். ஆனாலும் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் "தோட்டம்" என்றுதான் சொல்வார். அந்த நாளில் அவரிடமிருந்த தோட்டம் முழுவதும் குளியல் தொட்டிக்குள் வளர்ந்த வெந்தயக்கீரை. முதல் பனிக்காலம் முழுக்க மனைவி புனிதவதி பக்கத்து அப்பார்ட்மெண்டில் போய்த்தான் குளித்தாள். கீரை நன்றாக வந்தது என்பதையும் அவள் மறைக்க மாட்டாள்.

வினோதன் வீடு வாங்கியதும் நிலைமை மோசமானது. குடிவந்த முதல் கோடையிலேயே முன்பக்கத்துப் புல் காணாமற் போய், அந்த இடத்தில் மிளகாய்க் கன்றுகள் வரிசைக்கு நின்றன. தெருவில் நாய் கொண்டுபோகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வினோதனுக்கு மானம் போனது. கடைசியில் முன்பக்கம் புல்லுக்கும் பின்வளவு அப்பாவுக்கும் என்று பங்கு பிரித்தார்கள். கத்தரி, வெண்டி, பயிற்றை என்று பின்வளவில் கால் வைக்க இடமிருக்கவில்லை.

பேத்தி அட்சயாவைக் கூட்டிக்கொண்டு யூனியன்விலுக்கு வடக்கே ஓர் அறுவடைச் சந்தைக்குப் போனதுதான் வினையாகிப் போனது. அங்கே கொட்டகை ஒன்றுக்குள், நிறைப் போட்டியில் வென்றதென்று, ஆளுயரத்துக்கு ஒரு பூசணிக்காய் இருந்தது. கதிரித்தம்பியர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு வெள்ளைக்காரச் சொந்தக்காரனைக் காட்டி, "உதுக்கு உவன் என்ன சாப்பாடு தீத்தினவன் எண்டு கேள் பிள்ளை" என்றார். வீட்டுக்கு வந்ததும் நாடா எடுத்துப் பின்வளவை அளந்தார். புனிதவதிக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது.

அடுத்த வருடம் அவரும் போட்டிக்குப் பூசணி போட்டார். விஷயம் கேள்விப்பட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பேனாட்டும் போட்டார். பேனாட் மன்னாரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். மண்வெட்டியை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று கதிரித்தம்பியர்தான் காட்டிக் கொடுத்தார். அந்த வருடம் தராசில் பேனாட்டின் காய் கூட நின்றது. அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்த வருடமும்.

"பேனை பிடிச்சவனிட்டை மண்வெட்டி பிடிச்சவன் தோக்கிறதோ?" என்று கதிரித்தம்பியர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். இந்த வருடம் பேனாட்டை வெல்லாமல் விடுவதில்லை என்று பேத்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனார். புனிதவதி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்தக் கோடையில் வீட்டில் எல்லாம் பூசணிக்காய்தான். ஒரு கொடியில் ஒரு காயை மட்டும் விட்டு மற்றப் பிஞ்சையெல்லாம் அறுத்து எறிந்தார். மீன் கழுவிய தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். குளிர் தொடங்கியதும், மருமகள் லக்சிகா மாமிக்கு என்று வாங்கிக் கொடுத்த கம்பளியை எடுத்துப் பூசணிக்காய்க்குப் போர்த்தினார்.

"எனக்குக் குளிராதோ?" என்றாள் புனிதவதி.

"உனக்கு உள்ளுக்கை ஹீற்றர் இருக்குத்தானே."

காய் வளர வளரச் சனம் பார்க்க வரத் தொடங்கியது. கோயிலில் கண்டவர்கள், பிளாசாவில் கண்டவர்கள், தெரியாதவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள். பிறகு மண்வெட்டியோடு நிற்கிற கதிரித்தம்பியரைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். "அண்ணை, உந்த வயசிலும் என்ன உடம்பு! ஒரு மருந்து குளிசை இல்லையோ? இரும்பு மாதிரியல்லோ நிக்கிறியள்!"

இத்தனை பேர் வாய் வைத்தால் நாவூறு படாமல் இருக்குமா என்று புனிதவதி யோசித்தாள். அட்சயாவுக்குக் குழந்தையில் வைத்த கறுத்தப் பொட்டு மை பழைய டப்பாவில் மிச்சமிருந்தது. அதை எடுத்துவந்து, காலையும் மாலையும் பூசணிக்காயின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். கன்னம் எது என்பதை அவளே தீர்மானித்தாள்.

"உதென்ன, பெண் பாக்க வருகினமோ?" என்று கதிரித்தம்பியர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து சிரித்தார்.

அந்த வாளியில் இருந்தபடிதான் செத்தும் போனார். அந்தச் செவ்வாய் பின்னேரம் புனிதவதி வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டாள். அவர் பூசணிக்காயில் சாய்ந்தபடி இருந்தார், திரும்பவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல் கூப்பாட்டுக்கு அவர் திரும்பியதே கிடையாது. ஆகவே அவள் வழமைபோலப் பேசத் தொடங்கினாள். கம்பளியைப் பற்றிப் பேசினாள், மீன் நாற்றத்தைப் பற்றிப் பேசினாள், அவருடைய தகப்பனிடமிருந்தே வந்த பிடிவாதத்தைப் பற்றியும் பேசினாள். அந்த நேரம் பார்த்து அணில் ஒன்று பூசணிக்காயின்மேல் ஏறிக் குந்தியது. கதிரித்தம்பியர் கையை ஓங்கவில்லை. அப்போதுதான் புனிதவதி பேச்சை விட்டு ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டாள். இவ்வளவு நேரமும் செத்தவரையா ஏசிக்கொண்டு நின்றேன் என்று பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

இதயம் நின்றுவிட்டதாம். நோகாமல் போயிருப்பார் என்றார்கள்.

வியாழக்கிழமை, வீடு நிறையச் சனம் இருக்கும்போது, புனிதவதி கண்ணைத் துடைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சனிக்கிழமை காலமை பூசணிக்காய் போகவேணும்."

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? அப்பா அங்கை பெட்டிக்குள்ளை கிடக்கிறார்."

"அவர் இனி ஒரு இடமும் ஓடமாட்டார். பூசணிக்காயை உந்தச் சனி விட்டால் பிறகு நிறுக்கேலாது."

"சனம் என்ன கதைக்கும்? செத்தவீட்டுத் துடக்கோடை ஆராவது சந்தைக்குப் போறவையே?"

"துடக்குக்காரர் கோயிலுக்குத்தான் போகக்கூடாது. பூசணிக்காய் நிறுக்கிற இடத்துக்குப் போகக்கூடாதெண்டு எந்த ஐயர் சொன்னவர்?"

வினோதன் அந்த இடத்திலேயே றிச்மண்ட் ஹில் கோயில் ஐயருக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். ஐயர் எல்லாவற்றையும் கேட்டார். பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சாத்திரத்திலை பூசணிக்காயைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையம்மா" என்றார் கடைசியில்.

"பாத்தியே?" என்றாள் புனிதவதி.

சனி காலை, துக்கம் விசாரிக்க வந்த ஆம்பிளைகளையெல்லாம் அவள் பின்வளவுக்கு அனுப்பினாள். காய் உரசுப்படாமல் கம்பளியால் மூடி, தார்ப்பாயில் உருட்டி ஏற்றி, சுற்றிவர நின்று தூக்கினார்கள். சாமி தூக்கிய பழக்கதோஷத்தில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். பக்கப் படலையால் வெளியே வரும்போது டாக்சி ஒன்று வந்து நின்றது. மொன்றியலிலிருந்து வந்த தூரத்து மச்சான் ஒருவர் இறங்கினார். கண் மங்கின மனிதர். கண்ணாடி சட்டைப் பைக்குள் இருந்தது.

"ஐயோ மச்சான்! நான் வாறதுக்கிடையிலை தூக்கிப்போட்டினமே!" என்று ஓடிவந்து கம்பளியைக் கட்டிப் பிடித்தார். தடவிப் பார்த்தார். "ஐயோ, என்னமாய் வீங்கிப்போனார்!"

தூக்கியவர்களுக்கு அடக்க முடியவில்லை. செத்தவீட்டில் சிரிக்கவும் முடியவில்லை. தார்ப்பாய் கிடுகிடுவென்று ஆடியது.

"கவனம்! சிரிச்சுக் கீழை போட்டியளோ, தெரியும்!" என்று புனிதவதி கத்தினாள். மச்சான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தொடங்கிய அழுகையை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியாமல், பூசணிக்காயைப் பார்த்தே மிச்சத்தையும் அழுது முடித்தார்.

தெருவில் பேனாட் தன் பிக்கப் டிரக்கோடு நின்றார். அதில் அவருடைய காய் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பேனாட்டின் முகம் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது.

"அக்கா, அண்ணை வெண்டிட்டார் போலை."

"அதைத் தராசு சொல்லட்டும் தம்பி."

சந்தையில் நடுவராக நின்றவள் கட்டம்போட்ட சட்டை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. காய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தவள் கதிரித்தம்பியரின் காயில் நின்றாள். கன்னத்தில் இருந்த கறுப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அழுகின காயைத் தராசில் ஏற்ற மாட்டோம் என்று வினோதனிடம் சொன்னாள். வினோதன் தாயைத் திரும்பிப் பார்த்தான். புனிதவதிக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, ஆனால் அந்த விரல் எதைக் காட்டுகிறது என்பது விளங்கியது. முன்னுக்கு வந்து, வெள்ளைச் சேலைத் தலைப்பை நாக்கில் தொட்டு, பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தாள். உள்ளே தோல் நல்ல செம்மஞ்சளாகப் பளபளத்தது. நடுவர் சிரித்துவிட்டுத் தராசைக் காட்டினாள்.

ஐந்தாம் இடம். ஐந்தாம் இடத்துக்குப் பரிசு எதுவும் இல்லை. புனிதவதி அதைக் கேட்கவுமில்லை. "பேனாட்டின்ரையை விடக் கூடவோ?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது இறாத்தல் கூட. பேனாட் வந்து பூசணிக்காயைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கதிரித்தம்பியர் செத்த செய்தி கேள்விப்பட்டு நடுவர் மறுபடி வந்து புனிதவதியின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னாள். பிறகு, அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டாள். பார்க்கிறவர்களின் கண் பட்டு ஒன்றும் ஆகிவிடாமல் இருக்க நாங்கள் வைப்பது, குழந்தைகளுக்கும் வைப்போம் என்று வினோதன் சொன்னான்.

"அது வேலை செய்ததா?" என்று அவள் உண்மையான ஆசையோடு கேட்டாள். வினோதன் தாய்க்குச் சொன்னான்.

புனிதவதி சேலைத் தலைப்பில் இருந்த மையைப் பார்த்தாள். கோடை முழுவதும் வந்தவர்கள் எல்லோரும் யாரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். மை டப்பாவோடு அவள் போன ஒவ்வொரு முறையும், மனிசன் பக்கத்திலேயே, கவிழ்த்த வாளியில், எட்டித் தொடுகிற தூரத்தில்தான் இருந்தார்.

"பூசணிக்காய்க்கு வேலை செய்ததெண்டு சொல்லு" என்றாள்.

வினோதன் வாயைத் திறந்தான். "யெஸ்" என்று மட்டும்தான் அவனுக்கு வந்தது.